சிரிக்காத படங்கள்

"தாடையை இதுமேல வைங்க. கண்ணை மூடாதீங்க. சிரிக்காதீங்க."

பன்னிரண்டு வாரமாக இதையே சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. சிரித்தால் முகத்தில் கோடு விழும். கோடு விழுந்தால் கேமராவின் அளவு தப்பும். அதனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் படம் எடுக்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது.

ஆய்வுக்கு வரும் பதினான்காம் எண் அம்மாவுக்கு இன்று கடைசிப் படம். இடக் கன்னத்தில் சுருக்கம் போக்கும் எங்கள் புது பெப்டைடு கிரீம், வலக் கன்னத்தில் வெறும் கிரீம். தோலைச் சுருக்கும் தசையை இந்தப் பெப்டைடு கொஞ்சம் தளர்த்துமாம்.

திரையில் இடப்பக்கம் இருபது வயது குறைந்திருந்தது.

வேலை முடிந்த குஷியில் ஒரு கடிஜோக்கை அவிழ்த்துவிட்டேன். வீட்டில் என் ஜோக்குகளுக்கு மதிப்பில்லை. பத்து நாளாகத் தங்கை என்னைப் பார்த்து ஒரு புன்னகைகூடச் செய்யவில்லை. முகத்தை உம்மென்று வைத்திருக்கிறாள். ஏனென்று கேட்டதற்கு எகத்தாளமாக ஒரு பதில் வேறு. நானும் வீம்புக்குப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

என் ஜோக்குக்குப் பதினான்காம் எண் அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

வலக் கன்னம் மேலே ஏறியது. வலக் கண்ணோரம் சுருங்கியது.

இடப்பக்கம் படத்தில் இருந்தது போலவே அசையாமல் இருந்தது.

அவருக்கு அது தெரியவில்லை. தனியாக வாழ்பவர். கண்ணாடி முன் நின்று யார் சிரிக்கிறார்கள்?

அவர் போனதும் எல்லாப் படங்களையும் திறந்தேன். முப்பது பெண்கள், பன்னிரண்டு வாரம். ஒரு படத்திலும் ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள்தான் வேண்டாம் என்றிருந்தோமே.

வாராவாரம் மீந்த புட்டிகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. இடக் கன்னத்துப் புட்டிகளை மட்டும் நான் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன்.

தங்கைக்கு உதட்டோரம் இரண்டு கோடுகள். சிரித்துச் சிரித்தே விழுந்தவை. அவள் அதற்காக வருத்தப்பட்டாள் என்று, பேச்சு நிற்கும்வரை இரண்டு மாதம் என் கையாலேயே தடவிவிட்டேன். வீட்டில் இடம் வலம் என்ற கணக்கெல்லாம் இல்லை. இரண்டு கன்னத்திலும்.

பத்து நாளுக்கு முன் அவள் சொன்ன பதில் இப்போதுதான் காதில் விழுந்தது.

"சிரிச்சுக்கிட்டுத்தானேக்கா இருக்கேன்."