கதவு எந்தப் பக்கம்?

"அந்த ஆபீஸ் படியை நான் மிதிச்சதே இல்ல. என்கிட்ட வந்து கேட்டா எனக்கு என்னம்மா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அத்தை சமையலறைக்குள் போய் வெங்காயம் நறுக்கத் தொடங்கினார்.

மருமகள் பென்சிலைக் கீழே வைத்தாள். சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது வரைபடம். முப்பது வருடங்களுக்கு முன் இடித்துத் தள்ளப்பட்ட பழைய பதிவாளர் அலுவலகம் அது. நிலம், வீடு, பிறப்பு, இறப்பு என்று ஊரே ஒரு தடவையாவது ஏறி இறங்கிய கட்டடம். அதன் மூல வரைபடங்களைக் கறையான் அரித்துத் தீர்த்திருந்தது.

அவள் கட்டடக்கலை ஆய்வாளர். அந்த அலுவலகத்தில் எந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது, எந்த அறை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, அருங்காட்சியகத்துக்கு மரத்தில் ஒரு மாதிரி செய்து தர வேண்டும். கையில் இருந்ததெல்லாம் முகப்பின் புகைப்படம் ஒன்று, செங்கல் வந்து இறங்கிய கணக்கெழுதிய குறிப்பேடு, ஒரு தளவாடப் பட்டியல், பழைய ஊழியர்கள் பதினான்கு பேரின் ஞாபகம். அதை வைத்துக்கொண்டே எட்டு மாதத்தில் அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை வந்துவிட்டாள்.

மிச்சம் ஒரே ஓர் அறை. தாழ்வாரத்தின் கோடியில், பிற்பாடு சேர்த்துக் கட்டியது. தளவாடப் பட்டியலில் அந்த அறைக்கு நேராக 'மேசை ஒன்று, நாற்காலி ஐந்து, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று' என்று எழுதியிருந்தது. அங்கே இருந்த அதிகாரிக்குத் தலை வாரிக்கொள்வதில் ஆசை போலிருக்கிறது என்று அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவளை வாட்டியது கதவுதான். பதினான்கு பேரில் ஏழு பேர் வலப்பக்கம் என்றார்கள், ஏழு பேர் இடப்பக்கம் என்று அடித்துச் சொன்னார்கள். திங்கட்கிழமை தச்சர் பசை வைத்து ஒட்டிவிடுவார். தப்பாக ஒட்டினால் இனி வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தப்புதான் சரித்திரம்.

வீட்டு நிலவரமும் சரியில்லை. நாத்தனார் தன்னோடு வேலை பார்ப்பவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லி நான்கு நாள் ஆகிறது. அன்றிலிருந்து அத்தை அவளோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார், இல்லாவிட்டால் கூடத்தில் மாட்டியிருக்கும் தன் கல்யாணப் போட்டோவைப் பார்த்துச் சொல்வார். பெரியவர்கள் பார்த்து, முந்நூறு பேர் முன்னால் நடந்த கல்யாணம். மேடையில்தான் இவர் முகத்தையே முதன்முதலாகப் பார்த்தேன், அதற்காகக் குடித்தனம் கெட்டுப்போய்விட்டதா என்பது அத்தையின் வாதம். மகள் இன்றைக்கும் சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

மாமா நான்கு நாளும் செய்தித்தாளுக்குப் பின்னாலேயே இருந்தார். அத்தை பேசும் இடத்தில் அவர் பேசிப் பழக்கமில்லை. போன மாதம் நடந்த ஒன்றின் கிழமையை அவர் மாற்றிச் சொன்னால்கூட அத்தைக்குப் பொறுக்காது. குளித்துக்கொண்டிருந்தாலும் உள்ளேயிருந்து குரல் கொடுத்துத் திருத்திவிட்டுத்தான் மறுவேலை.

அந்த மாமா இன்று செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தின் மேல் குனிந்தார். கூட்டாளி ஒருவனின் வீட்டுப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போட ஒரே ஒரு தடவை அங்கே போனதாகவும், அந்தக் கோடி அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். மருமகளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றார்.

தாழ்வாரத்தில் மொத்தம் ஏழு தூண் என்று தொடங்கினார். சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.

புகைப்படத்தில் எட்டு இருக்கிறதே என்று மருமகள் காட்டினாள். மாமா அதைக் காதில் வாங்கவில்லை. காத்திருப்பவர்களுக்குக் கல் பெஞ்சு போட்டிருந்தார்கள் என்றார். உள்ளே ஒரு பாத்திரம் வேண்டிய அளவுக்கு மேல் சத்தமாக அடுப்பில் ஏறியது. அந்த அறையின் ஜன்னலுக்கு நேரே ஒரு மாமரம் இருந்தது என்றார். உள்ளே மூடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை.

மருமகள் தயங்கினாள். இவருடைய ஞாபகத்தை நம்பிக் கதவு வைக்கலாமா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது. மாமா சோபாவில் இருந்த மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, அடுத்த வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"கதவு இடப்பக்கம்தாம்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுப் போடு."

அவள் அளவுகோலை வைத்துக் கோட்டை இழுக்கத் தொடங்கினாள். பாதிக் கோட்டில் வெங்காய வாசனை அடித்தது. நிமிர்ந்தால், கையில் கத்தியோடு அத்தை. ஈரமான விரல் ஒன்று வரைபடத்தின் வலப்பக்கச் சுவரில் அழுந்தியது.

"இங்க. வீட்டுக்குத் தெரியாம என்னைக் கூட்டிட்டுப் போய்க் கட்டிக்கிட்ட அன்னிக்கு மோதிரத்தையே மறந்துட்டு வந்தவரு இவரு. கதவா ஞாபகம் இருக்கும்?"