அதிராத இஞ்சின்

சுற்றுலா வருபவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்டும் அவர்களுடைய வேகப்படகைப் பதினெட்டு வருடமாகத் தள்ளிய பழைய இஞ்சின் ஓடும்போது பலகையெல்லாம் அதிரும். மாற்றிவிடலாம் என்று பிரகாசி சொல்லும்போதெல்லாம் அவள் கணவன் இருதயம் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்தான். கடைசியில் அவளே கடையில் பேசி, ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு புதிய இஞ்சினை மாட்ட வைத்தாள்.

கழிமுகத்தின் அசையாத நீரில் படகு மெதுவாகப் போனது. கூட வந்த மெக்கானிக் ஜெரால்டு தன் தேநீர்க் குவளையை இஞ்சின் மூடிமேல் வைத்தான். "பாருங்கக்கா, ஒரு சொட்டு சிந்துதா?"

அவள் சிரித்தபடி திரும்பினாள். தேநீர் அசையவில்லை. இஞ்சின் கைப்பிடியைப் பிடித்துப் படகை ஓட்டிக்கொண்டிருந்த இருதயத்தின் வலது கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அதை இஞ்சினின் அதிர்வு என்றே நினைத்திருந்தாள். அவன் அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தான். கை நடுங்குகிறவனின் படகில் யார் பிள்ளைகளை ஏற்றுவார்கள்?

பிரகாசி எழுந்து போய் அவனை ஒட்டி உட்கார்ந்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"என்னட்டீ?"

"எனக்கும் ஓட்டச் சொல்லிக்குடுங்க."

"இத்தனை வருசமா இல்லாத ஆசை இன்னைக்கு என்ன?"

"அந்தப் பழைய சனியன் பக்கத்துல மனுசி உக்கார முடியுமா?"

ஜெரால்டு சிரித்தான். "அப்ப இதையே வச்சிரலாமாக்கா?"

கைப்பிடியின் மேல் இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின. யாருடைய நடுக்கம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

"இன்னும் ஒரு சுத்து போயிட்டுச் சொல்லுதேன்" என்றாள்.