விரலுக்கு நேரே

நோன்பு திறந்த கையோடு பள்ளிவாசல் தெருக்காரர்கள் காவிரிப் பாலத்தில் மேற்கே பார்த்து நிற்கிறார்கள். பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள். முக்கொம்புப் பக்கம் வானம் ஆறிப்போன டீயின் நிறத்தில் மங்குகிறது. கீழே மணலுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர் மினுங்குகிறது. ஸ்ரீரங்கத்து மணியோசை டவுன் பஸ் ஹாரனில் அமுங்கிப்போகிறது. எல்லோரும் வானத்தை விட்டுவிட்டு ஹபீபையே பார்க்கிறார்கள். விமானம் ஓட்டுகிற கண் அல்லவா. "தெரியுதா மச்சான்?" என்கிறான் மனைவியின் தம்பி சலாம். தெரிகிறது. ஆனால் ஒன்றின் தோளில் ஒன்றாக இரண்டு பிறை. ஹபீப் வலக்கண்ணை மூடுகிறான், ஒன்றுதான். இடக்கண்ணை மூடுகிறான், மறுபடி இரண்டு. மேகமா, நோன்புக் களைப்பா, கண்ணேதானா? திங்கட்கிழமை பைலட்டுகளுக்குக் கண் பரிசோதனை. "இருக்கு," என்கிறான். குரல் கேள்வி மாதிரி முடிகிறது. "எங்க, காட்டுங்க," என்று மனைவி கமருன்னிசா பக்கத்தில் வருகிறாள். அவன் கை உயர்கிறது, எது நிஜம் என்று தெரியாமல் தயங்குகிறது, இரண்டுக்கும் நடுவே போய் நிற்கிறது. சலாம் அந்த விரலுக்கு நேரே கண்ணை இடுக்கிப் பார்க்கிறான். "அங்க ஒண்ணும் இல்லையே மச்சான். பிறை அதுக்குக் கீழதானே இருக்கு." யாரோ சிரிக்கிறார்கள். கமருன்னிசா சிரிக்கவில்லை. அவன் விரலைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்குகிறாள்.