கம்பெனிக்குப் பிடித்த ஊர்

"எல்லாரும் சிரிச்ச முகமா நிக்கணும். எதுக்கும் இல்லைன்னு சொல்லக் கூடாது" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, மனைவியைத்தான் முறைத்தார் பஞ்சர் கடைக்காரர்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் என்ன பண்ணேன்?" என்றாள் தையல்காரி.

"இன்னும் பண்ணல. அதான் பயமா இருக்கு."

சட்டை தைக்கும் கம்பெனி ஒன்று புதுத் தொழிற்சாலைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. மூன்று ஊர் பார்த்தாயிற்று, இது நாலாவது. வந்தால் வீட்டுக்கு ஒருத்திக்கு வேலை. வீட்டு மெஷினில் கிழிசல் தைத்து இரண்டு பெண்களை எத்தனை நாள் படிக்க வைக்க முடியும்?

மேனேஜர் மார்க் போடும் தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"தண்ணி?"

"நிறைய இருக்கு சார்!" வாரம் ஒருமுறை வரும் தண்ணீர் அன்று பேச்சில் ஆறாக ஓடியது.

"ரோடு?"

"கண்ணாடி மாதிரி சார்!" என்றார் பஞ்சர் கடைக்காரர். அப்படியானால் கடை எப்படி ஓடுகிறது என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

"பத்து மணி நேரம் வேலை. முடியுமா?"

"பன்னெண்டு மணி நேரம்கூட நிப்போம் சார்!"

தையல்காரிக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"பொம்பளைங்களுக்கு கக்கூஸ் எத்தனை கட்டுவீங்க சார்?"

"அண்ணி, உக்காருங்க!" நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நாம வேலை கேட்டா, இவளுக்கு கக்கூஸ் கேக்குது!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவ அப்படித்தான் சார், மனசுல வெச்சுக்காதீங்க!" என்று கூட்டமே கத்தியது.

வீட்டுக்காரர் அவள் வாயையே பொத்தினார்.

மேனேஜர் எதையோ குறித்துக்கொண்டு எழுந்தார்.

"கெடுத்தியே! ஓடு, மன்னிப்புக் கேளு!" என்று விரட்டினார் பஞ்சர் கடைக்காரர்.

காரருகே ஓடிப்போய்க் கைகூப்பினாள். "தப்பாப் பேசிட்டேன் சார். என்னால ஊருக்கு வேலை போயிடக் கூடாது."

"யார் போகும்னு சொன்னது? இங்கதாம்மா வர்றோம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தண்ணிக்கு முட்டை. ரோட்டுக்கு முட்டை. கடைசி இடத்துல இருந்தீங்க. நீங்க எழுந்து கேட்டீங்க பாருங்க, அப்பத்தான் முடிவு பண்ணேன்."

"நான் கேட்டது அவ்வளவு பிடிச்சிருந்துதா சார்?"

மேனேஜர் சிரித்தபடி கார்க் கண்ணாடியை ஏற்றினார்.

"மத்த ஊர்ல ஒருத்தி கேட்டா, கூடவே பத்து பேர் கேட்டாங்க. இங்க ஒருத்தி கேட்டதுக்கு நாப்பது பேர் சேர்ந்து அடக்கிட்டாங்களே! எங்களுக்கு சூப்பர்வைசரே தேவையில்லையேம்மா."