தனி ரூம்

யாங்கோன் நகரின் தாகேதா பகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஜூடித், புஷ்பலதாவின் மூக்கில் குச்சியை விட்டுச் சளி எடுத்தாள். புஷ்பலதாவின் மணிக்கட்டில் விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன. புருஷன் உதயசூரியன் நகராமல் பக்கத்திலேயே நின்றான்.

சோதனை அட்டையைப் பார்த்துவிட்டு ஜூடித் நிமிர்ந்தாள்.

"ஃப்ளூ காய்ச்சல். நல்லாகுற வரைக்கும் தனி ரூம்ல படுக்கட்டும். நீங்க கிட்டவே போகக் கூடாது."

புஷ்பலதாவின் முகத்தில் உயிர் வந்தது.

"எனக்கும் தொண்டை கரகரங்குது, சயாமா. என்னையும் பாத்துடுங்க," என்றான் அவன். டாக்டரம்மாவைப் போலவே மருந்துக்கடைக்காரியையும் அங்கே மரியாதையாகச் சயாமா என்றுதான் அழைப்பார்கள்.

ஜூடித்துக்கு மறுக்க வழியில்லை. சற்று நேரத்தில் அவனுடைய அட்டையில் இரண்டு கோடுகள் பளிச்சென்று விழுந்தன. இந்தத் தடவை அவனே எட்டிப் பார்த்துவிட்டான்.

"அப்ப எனக்கும் ஃப்ளூதான். ரெண்டு பேருக்கும் ஒரே நோவுன்னா தனி ரூம் எதுக்கு? என்னோடயே கிடக்கட்டும்."

மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப்போனான். வாசலில் அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

குப்பைக்கூடையில் கிடந்த புஷ்பலதாவின் அட்டையில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அவளுக்கு ஃப்ளூ இல்லை என்ற உண்மையைச் சொல்லியிருந்தாலே, அவனுடைய ஃப்ளூ தொற்றிவிடும் என்று அவனிடமிருந்து அவளைப் பிரித்து வைத்திருக்கலாம். இனிமேல் சொன்னால், ஜூடித்தின் பொய்க்கும் அடி புஷ்பலதாவுக்குத்தான் விழும்.