முழங்கையில் பொங்கிய பால்

இடது மணிக்கட்டில் கருகிய ரொட்டி. வலது மணிக்கட்டில் வெங்காயம். இடது முழங்கை மடிப்பில் பொங்கி வழிந்த பால்.

பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி என்னைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வோர் இடமாக முகர்ந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக யாராவது பார்த்திருந்தால், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். கல்யாணமாகிப் பதினேழு வருடம்.

"வருதா?"

"இல்ல."

"நல்லா இழுத்துப் பாரு."

"இழுத்தா காத்துதாங்க வருது."

பிஸ்கட் தொழிற்சாலையில் முகர்ந்து பார்ப்பதுதான் அவள் வேலை. எண்ணெயோ வெண்ணெயோ அவள் மூக்கைத் தாண்டித்தான் மாவுக்குப் போக முடியும். லேசாகக் காறல் தட்டினால் போதும், முழு டின்னையும் திருப்பி அனுப்பிவிடுவாள். மிஷினுக்கு நாலு மணி நேரம் ஆகும். இவளுக்கு இரண்டு மூச்சு.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகாமல் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. மூடி போட்ட ஆறு கிண்ணம், ஒன்றில் கெட்டுப்போன எண்ணெய். கண்டுபிடித்தால் பழைய நாற்காலி. இல்லாவிட்டால் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரிவு. 'அதுவும் வேலைதானே' என்று ஒருமுறை ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.

டாக்டர் சொன்னது எலுமிச்சை, கிராம்பு என்று நாலே நாலு சாமான். அதைத் தினம் இரண்டு வேளை முகர்ந்துகொண்டுதான் இருந்தாள்.

நான்தான் அதிகப்பிரசங்கி.

வீட்டிலேயே சென்ட் கலக்கிக் குட்டிக் குப்பிகளில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிக்காரன் ரோஜா, மல்லிகையோடு நிறுத்திக்கொள்வான். இவர்களுக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் ஒருவர் கார் ஷெட்டில் உட்கார்ந்து காளான் சூப் சென்ட் தயாரிக்கிறார். ஓர் அம்மாள் தன் வெங்காய சென்ட்டுக்கு 'விவாகரத்துக்குப் பிறகு' என்று பெயர் வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் பூசிக்கொண்டு யார் ஆபீஸ் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. பதினோரு குப்பி வரவழைத்துவிட்டேன்.

காகிதத்தில் விடக்கூடாதாம். தோலின் சூட்டில்தான் மணம் விரியுமாம். ஆனால் முகர்ந்து பார்க்கிற வேலையில் இருப்பவர்கள் மேல் பவுடர்கூடப் படக்கூடாது என்பது அவர்கள் விதி. வேலையே ஆட்டம் காணும்போதும் அந்த விதியை மீற மாட்டாளாம் இவள். ஆகவே தோல் என்னுடையது.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் நான். இந்த உடம்பு ஒரு கலைக்குப் பயன்படும் என்று யாரும் சொன்னதில்லை.

எங்கே எது என்று பேனாவால் உடம்பில் எண் போட்டு, ஒரு தாளிலும் எழுதி வைத்திருந்தேன்.

நாலு, வலது முழங்கை, சோளப்பொரி. இல்லை.

ஆறு, இடது தோள், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய். இல்லை.

ஏழு, வாத்தியாரின் காளான் சூப். எனக்கே தலை சுற்றியது. அவள் பச்சைத் தண்ணீரை முகர்ந்தவள்போல நின்றாள்.

பத்துக்கு வரும்போது வேடிக்கையெல்லாம் வடிந்துவிட்டிருந்தது.

"வாசனை வருதுன்னு ஒரு பொய் சொல்லிடட்டுமா?" என்றாள். "உங்களுக்காவது சந்தோஷமா இருக்கும்."

தாளில் அடுத்த எண்ணைப் பார்த்துவிட்டு, காதை அவள் பக்கம் திருப்பினேன்.

பதினொன்று, காதோரம், உப்புப் போட்ட கேரமல்.

அதுவும் இல்லை.

அவள் நிமிரவில்லை. என் பின்னால் நின்றபடியே நெற்றியை என் பிடரியில் சாய்த்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வராமல் எதிர்ச் சுவரிலிருந்த சுவிட்சுகளை எண்ணினேன்.

அவள் மூச்சு நின்றது.

பிறகு சின்னதாக இரண்டு மூச்சு. சட், சட்டென்று.

"இது எத்தனாவது நம்பர்?"

"எது?"

"இங்க, பின்கழுத்துல. காறிப்போன எண்ணெய் மாதிரி. புளிச்சு... கொஞ்சம் இரும்பு வாடையும்... சீ, என்ன கண்றாவிங்க இது! எவன் செஞ்சான் இத?"

தாளைப் பார்த்தேன். பார்த்திருக்கவே தேவையில்லை. பின்கழுத்தில் எண் கிடையாது.

அன்று காலை ஒரு லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் தொங்குகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் கிரீஸும் வியர்வையுமாகக் கிடந்துவிட்டு வந்தவன் குளிக்கவில்லை. சோப்பு வாசனை குறுக்கே வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று நானாக எடுத்த விஞ்ஞான முடிவு. முந்தின நாளும் அதே விஞ்ஞானம்தான்.

"எங்க அம்மா செஞ்சது," என்றேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் பனியனை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது, சிரிப்பா அழுகையா, பின்னால் கண் இல்லாதவனுக்கு எப்படித் தெரியும்? கழுத்தோரம் ஈரமானது மட்டும் தெரிந்தது.

எனக்கு வெட்கமாகிவிட்டது.

"போய்க் குளிச்சுட்டு வந்துடட்டுமா?"

"நாளைக்கு ஒம்பது மணி வரைக்கும் தண்ணி பக்கம் போனீங்க, கொன்னுடுவேன்," என்றாள், மூக்கை எடுக்காமல்.