குமிழ் எழும் இடம்

அணைக்கரையில் பொன்னுராஜ் வலையைத் தோளில் போட்டபடி நிற்கிறான். வெயிலில் தண்ணீர் மின்னிக் கண் கூசுகிறது. நடுவே பரிசலில் அவன் மனைவி பரிபூரணம், நீரிலிருந்து வரும் வாயுவை அளக்க வந்த ஆராய்ச்சிக்காரருக்காக ஒரு வாளியைத் தண்ணீரின் மேல் கவிழ்த்துப் பிடித்திருக்கிறாள். குமிழ்கள் அதனுள் ஏறுகின்றன. குமிழ் வந்தால் அடியில் மீன் என்று அவளுக்கு மட்டும் அவன் காட்டிய இடம் அது. பரிசலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அவர் ஏதோ சொல்ல, அவள் சிரிக்கிறாள். அவனிடம் அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. வலையின் ஈயக்குண்டு ஒன்றை அவன் நகத்தால் கீறிக்கொண்டே இருக்கிறான். "ஏங்க, இது மீன் மூச்சு இல்லையாம்! முங்குன மரம் அழுகி வார மீத்தேனாம்! பூமியவே சூடாக்குதாம்!" என்று அவள் அங்கிருந்தே கத்துகிறாள். "அது எனக்குத் தெரியாதாக்கும்?" என்கிறான், பத்து வருடமாக அந்தக் குமிழ்களை நம்பியே வலை வீசும் பொன்னுராஜ்.